இலவச டூர் கூப்பன்: கவரின் பின்பக்கம்

கும்பகோணம், டிராவல்ஸ் நடத்துபவர்:

கூப்பன் கைக்கு வருகிற வழி எல்லாருக்கும் தெரியும். ஆடித் தள்ளுபடி நேரத்து ஜவுளிக்கடை வாசல், பொருட்காட்சி ஸ்டால், பெட்ரோல் பங்க். பேரும் செல் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டால் பத்து நாளில் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு சார்’ என்று போன். அதை விடுங்கள். தேதி கேட்கும்போதுதான் சிக்கலே.

கூப்பனை ‘ஆக்டிவேட்’ செய்ய 15 நாளோ 30 நாளோ கெடு இருக்கும். அது கூப்பன் கொடுத்த தேதியிலிருந்து ஓடும், நீங்கள் கவரைப் பிரித்த தேதியிலிருந்து அல்ல. அப்புறம் பயணத்துக்கு 45 நாள் முன்பே மூன்று தேதி எழுதித் தரச் சொல்வார்கள். மூன்றும் ஒரே வாரத்தில் இருந்தால் ஃபார்மே திரும்பி வரும். சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, ஏப்ரல், மே எல்லாம் விலக்கு. அவர்களாகத் தள்ளிவிடுவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நம்ம பக்கம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, அது முடிவதற்குள் சம்பா நாற்றங்கால். நாற்று பறிக்கிற நாளில் யார் மூணாறு போவது? சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி, மார்ச்சில் வார நாட்களைக் கேளுங்கள். விலக்குப் பட்டியலில் அவை அநேகமாக இருக்காது, ரூமும் காலியாகக் கிடக்கும்.

‘கன்ஃபார்ம்’ என்று போனில் சொன்னால் போதாது. ஓட்டல் பெயரையும் புக்கிங் நம்பரையும் எழுத்தில் வாங்கி, அந்த ஓட்டலின் நம்பரை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள். கூப்பனில் அச்சடித்த நம்பருக்குப் போட்டால் அதே ஆள்தான் எடுப்பார். காரில் ஊட்டி, கொடைக்கானல் போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

தஞ்சாவூர், ஓட்டல் கணக்கு பார்ப்பவர்:

அண்ணன் தேதியைச் சொல்லிவிட்டார், நான் காசைச் சொல்கிறேன். இலவசம் என்பது ரூம் வாடகைக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 2,999 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,539. சாப்பாடு அங்கேயேதான் என்று நிபந்தனை இருக்கும்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,200 என்றால், இரண்டு பேர், இரண்டு நாள், 4,800. ஆக 8,339. சீசன் இல்லாத நாளில் 1,800 ரூபாய் ரூமை நேரடியாக இரண்டு இரவுக்கு எடுத்தால், இப்போதைய 5 சதவீத வரியோடு 3,780. மிச்சக் காசில் வெளியே நன்றாகவே சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’ கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கவுன்டரில் போய் நின்ற பிறகு பேரம் எடுபடாது.

மயிலாடுதுறை, கடன் பிரிவில் வேலை பார்ப்பவர்:

புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து வந்தால்தான் கூப்பன் தருவோம், 90 நிமிஷம் உட்கார வேண்டும் என்றால், அது ரிசார்ட் மெம்பர்ஷிப் விற்கிற கூட்டம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்ற பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்றுதான் இருவரையும் கூப்பிடுகிறார்கள். ‘இன்னைக்கு மட்டும் இந்த ரேட்’ என்பது அடுத்த படி. கிரெடிட் கார்டை ‘தகுதி பார்க்க’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் கெடுவைத் தேடுங்கள். பத்து நாள் என்று போட்டிருந்தால் அதற்குள் ஈமெயிலும் ஸ்பீடு போஸ்ட்டும் போய்ச் சேர வேண்டும். தவணைக் கடன் போட்டிருந்தால் இரண்டு கடிதம்: விற்றவருக்கு ஒன்று, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்று. மெம்பர்ஷிப் ரத்தானாலும் கடன் தானாக ரத்தாகாது. அக்கவுன்ட்டில் பணம் வைக்காமல் விட்டால் தவணை திரும்பும், சிபில் ஸ்கோர் அடிவாங்கும். மெம்பர்ஷிப் விற்றவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

திருவாரூர், நுகர்வோர் வழக்கு பார்க்கும் வக்கீல்:

பலர் கவனிக்காத ஒன்று. சும்மா கையில் திணித்த கூப்பன் என்றால், எதிர்த்தரப்பு ‘இவர் காசே கொடுக்கவில்லை, நுகர்வோரே இல்லை’ என்று வாதாடும். அந்தப் பதிவுக் கட்டண ரசீதுதான் உங்களுக்குப் பிடி. கடையில் பொருள் வாங்கி அதோடு வந்த கூப்பன் என்றால் பொருளின் பில். விலையில் சேர்த்து வசூலித்துவிட்டு இலவசம் போலக் காட்டுவதும், கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதும் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ன்படி முறையற்ற வணிக நடைமுறை.

‘வழக்கு என்றால் சென்னையில் மட்டும்’ என்று பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போட அதே சட்டத்தின் 34-வது பிரிவு இடம் கொடுக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில சமயம் அதோடு பணம் வந்துவிடும். யுபிஐ-யில் அனுப்பிய உடனே எதிராளி போனை அணைத்துவிட்டால் அது மோசடி, அங்கே தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கும்பகோணம், முதலில் எழுதியவர்:

சார் சொன்ன பில் விஷயத்தில் ஒன்று. கடை பில் தெர்மல் பேப்பர், பீரோவில் கிடந்தே எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, கூப்பன் கவருக்குள்ளேயே போட்டு வையுங்கள்.