கரையாத பை, கழலாத ஈயம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கோல்ன்கரை:

பிப்ரவரி இரவு. லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில், சரளை தோண்டிய குழியில் நீர் நிரம்பி உண்டான ஏரி. எல்லாரும் கட்டுகிற, தண்ணீரில் கரையும் அதே பிவிஏ பைதான் கட்டினேன். அதற்குள் இரைக்கு 2 மில்லிமீட்டர் பெல்லட், எடைக்கு இரண்டரை அவுன்ஸ் தட்டை ஈயம், தூண்டில் முள்ளுக்கு நான்கு அங்குல நரம்பு. மூலைகளை நாக்கால் நனைத்து மடித்து ஒட்டி, கழுத்தை முறுக்கி டேப் சுற்றினேன். பத்து மணிக்கு வீசினேன்.

பதினொன்றரைக்குப் பை விழுந்த அதே இடத்தில் ஒரு கெண்டை முழு உடம்போடு எழும்பி விழுந்தது. நிலா வெளிச்சத்தில் முதுகு பளிச்சென்று தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே இடம், அதே சத்தம். மீன் இழுத்தால் ஒலிக்கும் அலாரம் ஒரே ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றுமில்லை.

காலையில் சுற்றி எடுத்துப் பார்த்தேன். பெல்லட் எதுவும் இல்லை. முள் நுனியில் மட்டும் ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஒரு கட்டி. பையின் முடிச்சு கரையாமல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. அந்த மீன் என் இரையை எத்தனை தடவை வாயில் வாங்கித் துப்பியதோ! மூன்று வாரமாகப் படுத்தால் இந்த நினைப்புதான். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வாளித்தண்ணீர்:

அது முடிச்சு இல்லை அண்ணா. முடிச்சு ஈயத்துக்கும் மேலே, நரம்பைச் சுற்றி இருக்கிறது. முள் கிடப்பது பையின் அடி மூலையில். நீங்கள் நாக்கால் நனைத்து மடித்தீர்களே, அந்த மூலைதான் குற்றவாளி. அங்கே நான்கு மடிப்பு ஒன்றாகிறது. குளிர்ந்த நீரில் ஒரு மடிப்பு கரையவே நேரமெடுக்கும்.

எனக்கும் ஒரு டிசம்பரில் இதே கதை, மீன்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன். கரைக்குப் போனதும் வாளியில் ஏரித் தண்ணீரையே மொண்டு, கட்டிய பை ஒன்றை அதில் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோதித்துவிட்டு வருவதில் பயனில்லை, அது ஏரியைவிட வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்துக்கு மெல்லிய பையோ வலைப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளில் ஒரு துண்டு கரையும் நுரையைச் செருகிவிட்டுப் பைக்குள் இறக்கினால் நுனி பசையில் புதையாது. வீசும் முன் ஊசியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். உள்ளே காற்று நின்றால் பை உடனே மூழ்காது, நீங்கள் குறிவைத்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும், தண்ணீரும் உள்ளே சீக்கிரம் ஏறாது. பெல்லட்டுக்கு வாசனை ஏற்ற எண்ணெய் ஊற்றுகிறவர்கள் குளிரில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த சாறு வேண்டுமென்றால் அதில் உப்பைத் தாராளமாகக் கரைத்துவிடுங்கள், பை ஓட்டையாகாது. கையைத் துடைக்கத் தனித் துண்டு வேண்டும். மீன் துடைத்த துண்டு ஆகாது.

பாசிப்படுகை:

பையைப் பற்றி இவ்வளவு பேச்சு. அதற்குள் கிடக்கும் ஈயத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே.

போன ஆகஸ்டில் எங்கள் ஏரியின் மறுகரையில், பாசிக்கு நடுவே நீர் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. காற்று என்று நினைத்தேன், ஆனால் மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோலக் கிடந்தது. இடுப்பளவு நீரில் இறங்கிப் போனேன். பத்து கிலோ இருக்கும், கண்ணாடிக் கெண்டை என்கிற மிரர் கார்ப். வாயோரத்தில் முள். யாரோ அறுத்துக்கொண்டு போன நரம்பின் நுனியில் மூன்று அவுன்ஸ் ஈயம் பாசிக்கொத்தில் மாட்டியிருந்தது. ஈயத்தின் மேலேயே பச்சை படர்ந்திருந்தது, அவ்வளவு நாள். ஈயத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பின் ரப்பர் வாலை அடிவரை அழுத்தித் தள்ளியிருந்தார்கள். அதைக் கழற்ற எனக்கு இடுக்கி தேவைப்பட்டது. மீன் எப்படிக் கழற்றும்?

முள்ளை எடுத்த பிறகும் அது நகரவில்லை. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு செவுள் திறந்து மூடுவதையே பார்த்து நின்றேன். விலாவில் செதில் போய்த் தோல் சிவந்திருந்தது. வெகுநேரம் கழித்து வாலை ஒரு தடவை அசைத்துக் கையிலிருந்து வழுகிப் போனது.

ரப்பரை லேசாக மட்டும் செருகுங்கள். பாசி உள்ள நீரில் மீன் இழுத்ததும் ஈயம் கழன்று விழ வேண்டும். அதைத் தவிர வேறு வழியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேம்ஸ்1984:

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஈயத்தை ஏரியில் போடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தது 1984-ல். வந்த புதிதில் வேலை முடிந்து தேம்ஸ் கரையில் போய் உட்காருவேன். ஒரு சாயங்காலம் அன்னம் ஒன்று கரையோரமாக வந்தது. அன்னத்தின் கழுத்து நிமிர்ந்து நிற்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? இதன் கழுத்து அடியிலேயே மடங்கி முதுகில் கிடந்தது. ரொட்டியைப் போட்டேன், தலையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்தான் சொன்னார், தூண்டில்காரர்கள் சிந்திய ஈயக்குண்டைச் சரளைக்கல் என்று விழுங்கிவிட்டது என்று. 1987-ல் 28.35 கிராம் வரையிலான குண்டுகளை விற்கத் தடை வந்தது. அதற்குப் பிறகுதான் அன்னங்கள் பெருகின. அந்தக் கழுத்தைப் பார்த்தவன் ஈயத்தை வேண்டுமென்று தண்ணீரில் விட மாட்டான்.

பாசிப்படுகை:

ஐயா, மூன்று அவுன்ஸ் என்றால் 85 கிராம். அதை அன்னம் விழுங்காது, சட்டமும் அதனால்தான் அதைத் தொடவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். போன வருடம் மட்டும் முப்பதுக்குக் குறையாமல் விட்டிருப்பேன். கழன்று விழ வேண்டும் என்பதில் மாற்றமில்லை. விழுவது ஈயமாகத்தான் இருக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன். துளையிட்ட கூழாங்கல் கட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். எடைக்கு எடை கல் பெரிதாக இருக்கும், தூரம் போகாது. பாசியோரத்தில் முப்பது மீட்டர் வீசக் கல் போதும்.

நெல்லியடி மகள்:

சண்டைக்கு நடுவில் என் கதை. அப்பா மூன்று மாதம் இங்கே வந்து நின்றார். கூட்டிக்கொண்டு போனேன். பையை நிரப்பி அவர் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடியுங்கோ அப்பா" என்றேன். அப்போதுதான் அவர் ஏரியில் கை அலம்பியிருந்தார். ஐந்து விரல் பட்ட இடத்தில் ஐந்து ஓட்டை. பெல்லட் முழுக்க அவர் சப்பாத்தின்மேல் கொட்டியது. அவர் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், நூல் நூலாகப் பசை இழுத்தது. "நான் ஏதும் உடைத்துப்போட்டேனோ பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னை விடவில்லை. எங்களை வளர்த்த கை அது.

பிறகு மிச்சமிருந்த பெல்லட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஈயத்தைச் சுற்றிக் கொழுக்கட்டை பிடிப்பதுபோலப் பிடித்துத் தந்தார். ஊரில் புண்ணாக்கை அப்படித்தான் பிடிப்பார்களாம். பையே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு கிலோ கெண்டை. மீனைத் திரும்ப விட்டபோது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏற்காடு அடிவாரம்:

வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒரு பொட்டலம் பை கொண்டுவந்து தந்தார். அக்டோபர் மழை, பொட்டலத்தைப் பிரித்து இரண்டு நாள் மேசையில் விட்டேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்பட்டிப் பாகு போலாகிவிட்டன. இந்த ஈரக்காற்றில் மூடி இறுகிய டப்பாவும் அரிசியும் இல்லாமல் அது நிற்காது. எங்களுக்குப் புண்ணாக்கும் தவிடும் அதை அப்புகிற ஸ்பிரிங்கும் போதும். ஊட்டியில் இருக்கிற கெண்டையே 1939-ல் இலங்கையிலிருந்து வந்ததுதான், அதற்கும் புண்ணாக்கு பிடித்துவிட்டது.

வாளித்தண்ணீர்:

ஈயத்தின் எடையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் தவறுகிறார்கள். மூன்று பவுண்டு கம்பு (அது கம்பின் எடை இல்லை, அதை வளைக்கத் தேவையான இழுவை) என்றால் சுமார் மூன்று அவுன்ஸைத்தான் முழு வீச்சில் தாங்கும். மூன்று அவுன்ஸ் ஈயத்தோடு 60 கிராம் பெல்லட்டும் சேர்ந்தால் ஐந்து அவுன்ஸைத் தாண்டிவிட்டது. அப்படி வீசித்தான் நரம்பு அறுகிறது, அறுந்த நரம்போடுதான் பாசிப்படுகை சொன்ன மீன் அலைகிறது. பைக்குள் இரண்டு அவுன்ஸ் போதும். குட்டை நரம்புக்கு மீன் தலையைத் தூக்கியதுமே அந்த எடை முள்ளைப் பதித்துவிடும். அடி சேறாக இருந்தால் தட்டை ஈயமும் புதையும், அங்கே எடையை இன்னும் குறையுங்கள்.

கோல்ன்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வாளியில் சோதித்தேன். மூலையை மடித்த பை நான்கு நிமிடம் ஆகியும் பசையாகவே கிடந்தது. மடிக்காத பை இரண்டு நிமிடத்துக்குள் விரிந்து, பெல்லட் குவியலாக உட்கார்ந்தது. வாளித்தண்ணீர் தம்பி சொன்னது சரி, முடிச்சைப் பழித்தது என் தவறு. நுரை செருகி, இரண்டு அவுன்ஸ் ஈயம் வைத்து, ரப்பரை ஒரு விரலால் தள்ளினால் கழலும்படி வைத்து வீசினேன்.

மூன்றே காலுக்கு அலாரம் நிற்காமல் கத்தியது. எட்டு கிலோ சாதாக் கெண்டை. முள் கீழுதட்டின் நடுவில் சுத்தமாக இருந்தது, ஈயம் கழன்று போயிருந்தது. ஆனால் அன்றைக்கு நிலாவில் நான் பார்த்த முதுகு இதைவிட அகலம். சனிக்கிழமை மறுபடி போகிறேன். நெல்லியடி மகள், உங்கள் அப்பா பிசைந்த பெல்லட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தெளித்தார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?