ஏலகிரியில் கரோக்கி, என் பேரையும் போட்டுவிட்டார்கள்

காட்பாடிக்காரன்:
அடுத்த சனிக்கிழமை பள்ளி நண்பர்கள் குடும்பத்தோடு ஏலகிரி போகிறோம். ஒருத்தன் மைக் வைத்த ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான், ராத்திரி கரோக்கியாம். வாட்ஸ்அப் குரூப்பில் என் பேருக்கு நேராக எஸ்.பி.பி. பாட்டு என்று எழுதிவிட்டார்கள். நான் பைக்கில் ஹெல்மெட்டுக்குள் பாடுகிற ஆள். பல்லவி ஒழுங்காக வருகிறது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் கத்துகிறேன். கிண்டலில் எங்கள் செட்டை அடிச்சுக்க ஆளில்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பாதிப் பேர் தலை சுத்திக் கிடப்பார்கள். தைரியமா பாடுங்க பாஸ்.

கச்சேரி கீபோர்டு:
தம்பி, வேலூர் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன் நான். கோளாறு உங்கள் தொண்டையில் இல்லை, கட்டையில், அதாவது பாட்டின் சுருதி உயரத்தில். எஸ்.பி.பி. பாடிய அதே சுருதியில் டிராக்கை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். மேடையேறி ஒரு பாட்டு கேட்கிற மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு நாங்கள் சத்தமில்லாமல் ஒரு கட்டை இறக்கித்தான் வாசிப்போம். மனுஷன் தன் குரலை மெச்சிக்கொண்டே இறங்கிப் போவார்.

பிட்ச் மாற்றுகிற வசதி உள்ள கரோக்கி ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் இரண்டு வைத்தால் ஏறக்குறைய ஒரு கட்டை இறங்கும். பல்லவியை விடுங்கள், இருப்பதிலேயே உச்சமான வரியை முதலில் பாடிப் பாருங்கள். அது கத்தாமல் வருகிற இடம்தான் உங்கள் சுருதி. ரொம்ப இறக்கினால் கீழ் வரிகள் முனகலாகிவிடும். அப்போது பாட்டை மாற்றுங்கள். பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டு எடுத்தால் கத்தவே வேண்டாம். (சுலபம் என்று சொல்லவில்லை. அந்தக் குழைவு வர ஒரு ஜென்மம் போதாது.)

இன்னொன்று, எல்லாரும் மாட்டுவது இடையிசையில். இளையராஜா பாட்டில் வயலின் முடிந்ததே என்று வாயைத் திறப்போம், புல்லாங்குழல் கிளம்பும். சரணத்துக்கு முன்னால் கடைசியாக வருவது எந்த வாத்தியம் என்று மனப்பாடம் செய்யுங்கள்.

போன் மைக்கில் பாடி ப்ளூடூத்தில் கேட்காதீர்கள், குரல் தள்ளி வந்து தாளம் குழம்பும். ஒயர் மைக்கை நேராக ஸ்பீக்கரில் சொருகுங்கள். மைக் தலையைக் கையால் பொத்தினாலோ, ஸ்பீக்கருக்கு எதிரே போய் நின்றாலோ கீ...ன்னு கத்தும்.

ஆரணி அக்கா:
நிறைய டிராக்கில் வரிகள் இங்கிலீஷ் எழுத்தில் ஓடும். அதைப் பார்த்துப் படித்தால் ழ, ள, ல எல்லாம் ஒரே குழப்பம். நான் ஒரு தாளில் தமிழில் எழுதி, மூச்சு விடும் இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்வேன்.

காட்பாடிக்காரன்:
மைனஸ் மூன்றில் சரணம் அழகாக உட்கார்ந்துவிட்டது! அந்த ஸ்பீக்கரில் எக்கோ எவ்வளவு வைக்கலாம் அண்ணா?

கச்சேரி கீபோர்டு:
பாதிக்கும் கீழே. முழுசாகத் திருப்பினால் கூழ் ஊத்துகிற அன்றைக்குக் கட்டும் ரேடியோ செட் மாதிரி ஆகிவிடும். அப்புறம், பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் ஸ்பீக்கர் போடச் சட்டத்தில் இடமில்லை. பட்டியலில் உங்கள் பேரை முன்னாடி போடச் சொல்லுங்கள்.