பேரவையில் மசோதாக்கள் குழு ஆய்வுக்கு ஏன் போவதில்லை?

திருமங்கலத்தான் (கேள்வி)

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் திரும்பப் பெற வேண்டிய ஒன்றை முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லையா என்பதுதான் என் கேள்வி. மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு என்று பேரவைக்குப் பல குழுக்கள் இருப்பதையும், அவை மாவட்டத்துக்கு வந்து பாலத்தையும் மாணவர் விடுதிச் சமையற்கூடத்தையும் பார்வையிடுவதையும் நாளிதழ்களில் பார்க்கிறோம். இந்தக் குழுக்களுக்கு மசோதாவோடு தொடர்பே கிடையாதா? வரி, கல்வி தொடர்பான மசோதாக்களுக்கும் இதே நடைமுறைதானா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய செய்தியாளர்

நண்பருக்கு வணக்கம். பேரவைச் செய்திகளை நெடுநாள் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிடும் குழுக்கள் எல்லாம் நடந்து முடிந்த காரியத்தைச் சரிபார்ப்பவை. பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு செலவைப் பார்க்கும். பொது நிறுவனங்கள் குழு மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் போன்றவற்றைப் பார்க்கும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று உறுதிமொழிக் குழு கேட்கும். வரப்போகும் சட்டத்தைத் துறைவாரியாக ஆராய்வதற்கு நாடாளுமன்றத்தில் 1993 முதல் இருப்பதைப் போன்ற நிலைக்குழு நம் பேரவையில் இல்லை.

ஆனால் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மசோதாவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் அதைத் தெரிவுக் குழுவுக்கு (அந்த ஒரு மசோதாவை ஆராய உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கப்படும் குழு) அனுப்பலாம், அல்லது பொதுமக்கள் கருத்தை அறியச் சுற்றுக்கு விடலாம். இரண்டுக்கும் விதிகளில் இடமுண்டு. கேட்பதும் மறுப்பதும் மட்டும் இருக்கை மாறினால் மாறிவிடும். 2018 ஜூலையில், ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக் ஆயுக்தாவுக்கான மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரி, அது ஏற்கப்படாததால் வெளிநடப்புச் செய்த திமுகதான், 2023-இல் ஆளும் இருக்கையில் அமர்ந்திருந்தது.

நீங்கள் சொல்லும் மசோதாவையே எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், ஓய்வு, மிகைநேரச் சம்பளம் பற்றிய 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருவதே அதன் சாரம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, நாளைக்கு 12 மணி நேரம் வேலை செய்தால் நான்கு நாளில் வாரம் முடிந்துவிடும் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். அந்த 48 மணி நேர வரம்பைச் சொல்வதே 51-ஆவது பிரிவுதான். அதுவும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று சொல்லும் 59-உம் இருக்கிறது. ஒரு குழு அறையில் தொழிலாளர் துறைச் செயலாளரை உட்கார வைத்து, ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதியையும் எதிரே வைத்திருந்தால், வரம்பு மாறாது என்றால் 51 ஏன் இதில் வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். அவையில் அந்தக் கேள்விக்கு நேரம் இல்லை.

கல்வியில் 2011-ஐ நினைத்துப் பாருங்கள். ஆட்சி மாறி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூன் மாதத்தில், சமச்சீர் கல்வியைத் தள்ளிவைக்கும் திருத்தம் நிறைவேறியது. அதை ஆராய வேண்டிய வேலை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் வகுப்பில் இருந்தார்கள். வரியைப் பொறுத்தவரை, 2017-க்குப் பிறகு பெரும்பகுதி ஜிஎஸ்டி மன்றத்தின் கைக்குப் போய்விட்டது. பேரவையின் கையில் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்றான மோட்டார் வாகன வரியை 2023-இல் உயர்த்தியபோதும் குழு எதுவும் உட்காரவில்லை.

பாலக்காட்டுத் தமிழன்

எங்கள் கேரளத்தில் 1980 முதல் துறைவாரியான குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்களும் மானியக் கோரிக்கைகளும் (துறைகளின் செலவுக்கான ஒதுக்கீட்டுக் கோரிக்கைகள்) பொதுவாக அவற்றின் வழியாகத்தான் செல்கின்றன. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அந்தக் குழுவுக்குத் தலைவர், மசோதாவைக் கொண்டுவந்த அதே துறை அமைச்சர்தான். 2022 ஆகஸ்டில் லோக் ஆயுக்தா திருத்த மசோதா குழுவுக்குப் போய், முதலமைச்சர் மீதான லோக் ஆயுக்தா தீர்ப்பைச் சட்டமன்றமே பரிசீலிக்கும் என்ற மாற்றத்தோடு ஒரு வாரத்துக்குள் அவைக்குத் திரும்பி, எதிர்க்கட்சி இல்லாத அவையில் நிறைவேறியது. ஆகவே குழு அமைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஐயா. இருந்தாலும் அந்த மாற்றம் வந்தது குழுக் கட்டத்தில்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

லிங்கன் நகர்வாசி

நான் வசிக்கும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1937 முதல் ஒரே அவைதான்; உறுப்பினர்கள் 49 பேர். நம் பேரவைக்கும் மேலவை இல்லை என்பதால் இந்த ஒப்பீடு பொருத்தமாக இருக்கும் என்று எழுதுகிறேன். இங்கே தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் குழுவின் முன் பொது விசாரணை உண்டு. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். நுழைந்ததும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அழைக்கப்பட்டதும் மேசை முன் அமர்ந்து, எழுத்துப்பதிவுக்காகத் தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டும். எதிரே ஒரு விளக்கு: பச்சை எரியும்போது பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்கத் தொடங்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். கிடைப்பது சில நிமிடங்கள்தான். முதலில் ஆதரிப்பவர்கள், அடுத்து எதிர்ப்பவர்கள், பிறகு எப்பக்கமும் சாராதவர்கள் என்ற வரிசையில், விவசாயியும் பள்ளிக் கண்காணிப்பாளரும் வணிகச் சங்கத்தின் வழக்கறிஞரும் அதே நாற்காலியில்தான் அமர்கிறார்கள். சொன்னது முழுவதும் எழுத்துப்பதிவாக இணையத்தில் வந்துவிடும். பிறகு குழு தனியாகக் கூடி முடிவெடுக்கும்போதும் செய்தியாளர்கள் அறைக்குள் இருக்கலாம்.

எந்தக் குழுவுக்கு மசோதா போகிறது என்பதிலேயே பாதி அரசியல் அடங்கியிருக்கிறது. 2023-இல் எல்பி 753 என்ற மசோதா வந்தது. தனியார் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அமைப்புகளுக்கு நன்கொடை தருபவர்களுக்கு, ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் அளவுக்கு வரிச்சலுகை அளிப்பது அதன் நோக்கம். விவாதம் முழுக்கப் பள்ளிகளைப் பற்றியது. ஆனால் வடிவம் வரிச்சலுகை என்பதால் அது போனது கல்விக் குழுவுக்கு அல்ல, வருவாய்க் குழுவுக்கு. அந்தக் குழுவின் தலைவரே மசோதாவைக் கொண்டுவந்தவர். பாலக்காட்டு நண்பர் சொன்ன குறை இங்கும் வேறு உருவில் இருக்கிறது. பொதுப்பள்ளி ஆசிரியர்கள் எதிர்த்துப் பேசியும் மசோதா நிறைவேறியது. அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடக் கோரும் கையெழுத்து இயக்கம் தொடங்கியதும், 2024-இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு அரசே நேரடியாக ஒரு கோடி டாலர் தரும் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மீண்டும் கையெழுத்துகள் சேர்ந்து, அந்த நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை நீக்கினார்கள். விசாரணையால் எதுவும் தடுக்கப்படவில்லை. ஆனால் இரு தரப்பும் என்ன வாதிட்டன என்பது அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

திருமங்கலத்தான்

மூவருக்கும் நன்றி. செய்தியாளர் ஐயாவிடம் இன்னும் ஒன்று: தெரிவுக் குழுவுக்கு அனுப்பும்படி அமைச்சர் மட்டும்தான் முன்மொழிய வேண்டுமா?

பழைய செய்தியாளர்

இல்லை. மசோதாவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் முன்மொழியும்போது, அதற்குத் திருத்தமாக எந்த உறுப்பினரும் தெரிவுக் குழுவைக் கோரலாம். உரிய காலத்தில் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் கையில் வரும் மசோதாவுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்த மசோதாவுக்காவது அப்படி அறிவிப்புக் கொடுத்திருக்கிறாரா என்பதைப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் பார்க்கலாம். ஒவ்வொரு கூட்ட நாளுக்கும் தனித்தனியாக அச்சாகும்; மசோதா நிறைவேறிய தேதியை வைத்துத் தேடுவது எளிது.