மின்சார பிக்கப் வாங்கலாமா? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 14 ஆண்டுகள் உழைத்த என் டீசல் பிக்கப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டதால், மின்சார வண்டிக்கு மாறுவதா, இன்னொரு டீசல் வண்டியையே வாங்குவதா என்று சில வாரங்களாக முடிவெடுக்க இயலாமல் இருக்கிறேன்.

அன்றாட ஓட்டம் 80 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்யும் வசதியும் உண்டு. வேலையிடத்தில் கருவிகளுக்கு வண்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. கவலையெல்லாம் டிரெய்லரைப் பற்றியதுதான். மாதத்தில் இருமுறை, 2.5 டன் எடையுள்ள, கூரை உயரமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு 220 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பெரிய பேட்டரி கொண்ட ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப்பிற்கு ஒரு முழு சார்ஜில் 320 மைல், அதாவது சுமார் 515 கிலோமீட்டர் என்று அமெரிக்க அரசின் மதிப்பீடு கூறினாலும், நெடுஞ்சாலை வேகத்தில் அத்தகைய டிரெய்லர் தரும் காற்றின் எதிர்ப்பால் அந்தத் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதுண்டு. குளிர்காலத்தில் இன்னும் குறையும். வழியில் வேக சார்ஜரை நாடினாலும், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் தணிந்துவிடும். பல நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் வண்டியை நிறுத்தவே இடமிருப்பதில்லை. தனியாகப் பயணிப்பவன் என்பதால் இதுவே எனக்குப் பெரும் தயக்கம்.

ஆகவே, மின்சார பிக்கப்பில் டிரெய்லர் இழுத்த அனுபவமுள்ளவர்கள், எத்தனை எடையுடன், எந்த வேகத்தில், உண்மையில் எவ்வளவு தூரம் சென்றீர்கள் என்பதைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டியாக வாங்கியவர்கள், பேட்டரியின் நிலையை எவ்வாறு சோதித்தீர்கள், உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறியதா என்பதையும் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.