விற்பனையில் இல்லாத பழைய கேமை டவுன்லோட் பண்ணா திருட்டா?

பழைய ஜாய்ஸ்டிக் (பெரம்பூர்):
2000-ல வந்த ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்லயும் இல்லை, ஜிஓஜி-லயும் இல்லை. காசு கொடுக்க ரெடி, வாங்கிக்கத்தான் ஆள் இல்லை. டவுன்லோட் பண்ணா தப்பா? அதோட, அந்தக் காலத்து கேம் சிலதோட ஒரிஜினல் சிடி கைல இருக்கு. விண்டோஸ் 11-ல ஓட மாட்டேங்குது. அதுக்கு கிராக் (கேமோட பூட்டை உடைக்கிற ஃபைல்) போடறதும் இதே கணக்கா?

மயிலை மதர்போர்டு:
ரெண்டும் வேற வேற பாஸ். விக்கிறதை நிறுத்திட்டா காப்பிரைட் போயிடாது. நம்ம 1957 சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான்; எழுதினவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் உரிமை இருக்கு. ‘அபாண்டன்வேர்’ (கைவிடப்பட்ட சாஃப்ட்வேர்)னு சட்டத்துல ஒரு வகையே கிடையாது. ஒரிஜினலை முறையா வச்சிருக்கறவர் பேக்கப் எடுக்க 52(1)(ஏஏ) பிரிவு இடம் கொடுக்குது. டவுன்லோடுக்கு அது உதவாது.

நியாயம்னு பார்த்தா, இந்த கேம்ல நஷ்டப்பட ஆளே தெரியலை. வார்னர், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ்னு மூணு கம்பெனி நடுவுல உரிமைச் சிக்கல். மறுவெளியீட்டுக்கு, பழைய கேமைத் திரும்பக் கொண்டு வர்ற கம்பெனியான நைட்டைவ் எடுத்த முயற்சி அதுலயே நின்னு போச்சு. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கைல உரிமை சிக்கியிருந்த ‘சிஸ்டம் ஷாக் 2’ கேமை 2013-ல திரும்ப விற்பனைக்குக் கொண்டு வந்ததும் அதே நைட்டைவ்தான். அப்படி வர்ற அன்னிக்கு வாங்காதவங்க “கேமைக் காப்பாத்தறோம்”னு பேசறது சும்மா.

கேட்ரிட்ஜ் கணேசன்:
ஒரு கேமுக்கு இது சரி. ஆயிரக்கணக்கான கேமை மெமரி கார்டுல ஏத்தி விக்கிற கையடக்க கன்சோலுக்கும் இதே சாக்கைத்தானே சொல்றாங்க? அந்த லிஸ்ட்ல இன்னிக்கும் காசுக்குக் கிடைக்கிற மரியோ கேம் இருக்கும். காசு போறது கார்டை காப்பியடிச்சவனுக்கு. அது அப்பட்டமான திருட்டு.

‘டாகர்ஃபால்’ கேமை 2009-ல கம்பெனியே இலவசமா விட்ட மாதிரியும் உண்டு. அப்படி இருக்கான்னு முதல்ல தேடிட்டு, அப்புறமா டோரண்ட் பக்கம் போங்க.

சிடி வைத்தியர்:
சிடி ஓடாததுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு, சிடியைக் காப்பியடிக்காம தடுக்கிற சேஃப்டிஸ்க் பூட்டு. அதோட secdrv டிரைவர்ல பாதுகாப்பு ஓட்டை இருந்ததால விண்டோஸ் 10-லேருந்தே ஆதரவு இல்லை. பழைய டிரைவரை வலுக்கட்டாயமா ஏத்தாதீங்க. ரெண்டாவது, 16-பிட் இன்ஸ்டாலர். 64-பிட் விண்டோஸ்ல பெரும்பாலும் திறக்காது. கேம் 32-பிட்டா இருந்தா, விர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ள ஓடற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அங்க இன்ஸ்டால் பண்ணி, ஃபோல்டரை இங்க காப்பி பண்ணிக்கலாம்.

பேக்கப்புக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கிக்குங்க. பாட்டு ஆடியோ டிராக்கா இருக்கிற சிடியை ஐஎஸ்ஓ (.iso) ஃபைலா எடுத்தா பாட்டு போயிடும், பின்/க்யூ (.bin/.cue) ஃபைலா எடுங்க. சேஃப்டிஸ்க் சிடில ஆரம்பப் பகுதில வரிசையா எரர் வரும். கீறல்னு நினைச்சுத் தேய்க்காதீங்க, பூட்டுக்காக வேணும்னே வச்ச கெட்ட செக்டர் அது. ரீட் எரரை விட்டுட்டுப் போற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க.

கிராக்குக்கு முன்னாடி கம்பெனியோட கடைசி பேட்ச்சைப் பாருங்க. சில கேம்ல அதுலயே சிடி செக்கை (டிரைவ்ல சிடி இருக்கான்னு பார்க்கிறதை) எடுத்திருப்பாங்க.