அனுபவப் பகிர்வு: பிள்ளையைச் சும்மா உட்கார்ந்து பார்த்தபோது என்ன தெரிந்தது?

அங்கன்வாடிப் பணியாளர், நத்தம் பக்கம்

பதினெட்டு வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். எடை போடுவது, உயரம் அளப்பது, சத்துமாவுக் கணக்கு, போனில் பதிவு என்று காலை ஓடிவிடும். பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பார்க்கிறோமா என்ற கேள்வி ஒரு பையனால்தான் எனக்கு வந்தது.

போன வருடம் சேர்ந்தான், மூன்றரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பாட்டுக்குக் கை தட்ட மாட்டான். வட்டமாக உட்காரவைத்தால் எழுந்து வெளிச் சுவரோரம் போய்விடுவான். "வீட்லயும் இப்படித்தான் டீச்சர், ஒரே பிடிவாதம்" என்றார் அவன் அம்மா. நானும் நோட்டில் 'பிடிவாதம், கவனம் இல்லை' என்று எழுதி மூடிவிட்டேன்.

ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது உறுத்தியது. முன்பு ஒரு பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது: "கண்ணு பார்த்ததை எழுதுங்க, மனசு சொன்னதை எழுதாதீங்க." பிடிவாதத்தை நான் கண்ணால் பார்க்கவில்லையே! புதுப் பக்கம் போட்டு, தினம் பத்து நிமிடம் அவனை மட்டும் பார்த்து எழுதினேன். சில வரிகள் அப்படியே:

'ஆயாம்மா பின்னால் நின்று பேர் சொன்னார். திரும்பவில்லை. முன்னால் வந்து சொன்னார். உடனே எழுந்தான்.'
'ஃபேன் ஓடும்போது என் வாயையே பார்க்கிறான்.'
'பின்னால் தட்டு விழுந்தது. திரும்பினான். மெதுவாகப் பேசினேன். திரும்பவில்லை.'
'வாயைத் திறந்தே மூச்சு விடுகிறான். இன்றும் சளி.'

இரண்டு வாரம் எழுதியதும் எனக்கே பதறியது. வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் மையத்துக்கு வரும் மருத்துவக் குழுவிடம் நோட்டைக் காட்டினேன். அவர்கள் பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு வைத்தியம் பார்க்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். ஓயாத சளியால் இரண்டு நடுக்காதிலும் நீர் கோத்திருந்தது, அதனால்தான் சரியாகக் காது கேட்கவில்லை. வைத்தியம் நடக்கிறது, இப்போது எவ்வளவோ தேவலை.

அந்தச் சுவரோரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்வாரத்துக்குக் கீழே, மழை படாத பொடிமண்ணில் வரிசையாகக் குழியானைக் குழிகள். மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சிதான் குழியானை. சின்ன வயதில் பிடித்து உள்ளங்கையில் விட்டு, அது பின்னாலேயே நடப்பதைப் பார்த்து விளையாடியதோடு சரி, அது வேலை செய்வதை நான் பார்த்ததே கிடையாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முந்தானையை இழுத்துக் காட்டினான். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரிந்தது. அது ஏறப் பார்க்க, அடியிலிருந்து குழியானை தலையால் மண்ணை வீசி வீசி அடித்தது. எறும்பு உருண்டு கீழே போய்விட்டது. அப்புறம் அவன் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டை விரலால் வரைந்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரமண், ஒரு குழிகூட இல்லை. இந்தப் பக்கம் எல்லாம் குழி. இதை அவனாகக் கண்டுபிடித்திருந்தான். இவனுக்குத்தான் கவனம் இல்லை என்று எழுதியிருந்தேன்.

உங்களுக்கு இப்படி நடந்ததா? எழுதுங்கள்.

ஒரு அப்பா, சென்னை

அக்கா, படித்ததும் நானும் வீட்டில் கவனிக்க ஆரம்பித்தேன். மகளுக்கு நாலரை வயது. ஒரே அளவு டம்ளர் இரண்டில் மோர் ஊற்றி, "ரெண்டும் சமமா?" என்றேன். சமம் என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றினேன். "இதுலதான்பா நிறைய இருக்கு, மேல வரைக்கும் வந்துடுச்சு." எட்டு வயது மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் அந்த வயதில் இதையேதான் சொல்லியிருப்பான்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே இது மாதிரிச் சோதனைகளை வைத்துத்தான் சின்னப் பிள்ளைகளின் யோசனை எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். தன் மூன்று பிள்ளைகளையும் பிறந்ததிலிருந்து உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவர். ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது, 1970களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் சக ஆய்வாளரும் செய்தது. இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை வைத்து, ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதையே ஒரு குறும்புக் கரடி பொம்மை வந்து கலைத்தால், நிறையப் பேர் 'சமம்தான்' என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், பதிலும் மாற வேண்டுமோ என்று பிள்ளை நினைக்குமாம்.

புளியங்கொட்டையை ஆறு ஆறாக அடுக்கி, அவளுடைய குரங்கு பொம்மையை விட்டுக் கலைத்தேன். "குரங்கு தள்ளிவிட்டுடுச்சு. ஆனா அதே அளவுதான்" என்றாள். ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம், நான் எப்படிக் கேட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற மாண்டிசோரி ஆசிரியை, கொடைக்கானல்

மாண்டிசோரிக் கல்விமுறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் எங்கள் கொடைக்கானலிலும் இருந்தார். நான் பயிற்சி எடுத்தது வெகுகாலம் கழித்து. அப்போதும் முதல் பாடம் அதேதான்: மூலையில் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல், எழுந்திருக்காமல் பார்க்க வேண்டும். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது.

ரோமில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்ததை மாண்டிசோரி பார்த்திருக்கிறார். நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், சுற்றி மற்ற பிள்ளைகள் பாடியும், அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாக முடித்து, தூங்கி எழுந்தவள் போல நிமிர்ந்தாளாம்.

இதெல்லாம் படித்திருந்தும் நான் தவறினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தை கூஜாவிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. "போதும் கண்ணா" என்று கூஜாவை வாங்கிவிட்டேன். ஏங்கி ஏங்கி அழுதது. ஊற்றி முடித்ததும் கூஜாவின் மூக்கில் தொங்குமே கடைசிச் சொட்டு, அது விழும்வரை ஒவ்வொரு முறையும் அசையாமல் காத்திருந்தது அந்தக் குழந்தை என்பது வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு எட்டியது. அன்று ராத்திரி நானே ஊற்றிப் பார்த்தேன். சொட்டு உருண்டு, கனத்து, கழுத்து மெலிந்து, அறுந்து விழுகிறது. விழுந்த பிறகு இன்னொரு குட்டிச் சொட்டு! முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குழந்தையிடம் கூஜாவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

நத்தம் டீச்சருக்கு ஒரு யோசனை. ஒரு குழியானையைப் பாட்டிலில் பொடிமண் போட்டு வளர்த்துப் பாருங்களேன், எறும்பு போட்டு. உள்ளே ஒரு குச்சியும் நட்டு வையுங்கள்.

ஒரு பாட்டி, காரைக்குடி

என் பேரனும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவியைச் சத்தமாக வைக்கிறான். திட்டிக்கொண்டே இருந்தோம். நாளைக்கே காது டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். நன்றி தாயி.

அங்கன்வாடிப் பணியாளர், நத்தம் பக்கம்

அம்மா, நீங்கள் சொன்னபடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தோம். எறும்பு பிடித்துப் போடும் பொறுப்பு அவனுடையது. சில வாரத்தில் குழி போடுவதை நிறுத்திவிட்டது. செத்துவிட்டது என்று ஆயாம்மா கொட்டப் போனார், அவன் விடவில்லை. மண்ணைக் கிளறினால் மணலே உருண்டையாக ஒட்டிய ஒரு கூடு. தினமும் வந்ததும் பையைக் கழற்றாமலே பாட்டிலிடம்தான் போவான்.

நேற்றுக் காலை குச்சியின் நுனியில் தட்டான் மாதிரி ஒன்று, கசங்கிய இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் "தட்டான், தட்டான்" என்று கத்தினார்கள். அவன் மட்டும் முகத்தை ஒட்டவைத்து ரொம்ப நேரம் அதன் காலையே பார்த்தான். அப்புறம் என்னிடம் திரும்பி, "டீச்சர், இது இப்ப பின்னாடி நடக்கலை. முன்னாடி நடக்குது" என்றான்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். நேரம் 9.50.