1சி பாடசாலையில் கணித, விஞ்ஞானப் பிரிவு தொடங்குவது எப்படி?

கொட்டகலைப் பெற்றோர்:
வணக்கம். எங்கள் பாடசாலை 1சி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும். தோட்ட லயங்களிலிருந்து புது வீட்டுத் திட்டங்களுக்கு வந்த குடும்பங்களால் பிள்ளைகள் தொகை கூடிவிட்டது. கணிதம், உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டியிருக்கிறது. கணித, விஞ்ஞானப் பிரிவுகளும் உள்ள 1ஏபி தரத்துக்கு உயர்த்த அபிவிருத்திச் சங்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும்? முதலில் கட்டடம் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

வலய ஆலோசகர்:
கட்டடம் கடைசி. ஆசிரியரைத்தான் முதலில் கேளுங்கள். கணிதம், உயிரியல் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நான்கு பேர் போதும்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல். பௌதிகமும் இரசாயனமும் இரண்டு பிரிவுக்கும் பொது என்பதால், ஒரு பிரிவை மட்டும் தொடங்கினாலும் மூவர் தேவை. இரண்டாவது பிரிவுக்கு மேலதிகமாக ஒருவர்தான். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்பதே இலாபம்.

தமிழ் மொழிமூல பௌதிக ஆசிரியர் கிடைப்பதுதான் பெரிய தலையிடி. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர் கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார். பதிலுக்கு ஆள் வராவிட்டால் தரம் 13 பிள்ளைகள் பாதிப் பாடத்திட்டத்தோடு நிற்பார்கள். அதனால் விண்ணப்பத்தில் ஆசிரியர் விடுதி பற்றியும் எழுதுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லாத இடத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள்.

அடுத்தது பிள்ளைகள். கடைசி மூன்று வருட சாதாரண தரப் பெறுபேற்றை எடுத்து, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சி சித்தி அல்லது அதற்கு மேல் பெற்றவர்களை மட்டும் எண்ணுங்கள். அருகில் தரம் 11 வரை உள்ள பாடசாலைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுங்கள். ஏழெட்டுப் பிள்ளைகளுக்காக நான்கு ஆசிரியரைக் கேட்டால் கோப்பு வலயக் கல்வி அலுவலகத்திலேயே தூங்கும். எண்ணிக்கை குறைவு என்றால் தரம் 9இலிருந்தே கணிதத்துக்கு மேலதிக வகுப்பு போடுவதுதான் முதல் வேலை.

கடிதம் அதிபர் வழியாகக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் வலயத்துக்கும், அங்கிருந்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் போக வேண்டும். நேரே அமைச்சரிடம் கொடுத்த மனுவும் திரும்பி வலயத்துக்குத்தான் அறிக்கை கேட்டு வரும்.

இரசாயன ஆசிரியர்:
ஆய்வுகூடம் பற்றி ஒன்று. நம் பக்கத்து ஈரலிப்பு உபகரணங்களைத் தின்றுவிடும். நுணுக்குக்காட்டி வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் துடைத்தாலும் போகாது. மூடிய அலுமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலின் மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். அதில் தயாரித்த கரைசலை நம்பி நியமிப்புச் (செறிவு காணும் சோதனை) செய்தால் விடை பிழைக்கும். பெப்ரவரி, மார்ச்சில் மலையூற்றுக் குழாய் வற்றுமானால் ஆய்வுகூடத்துக்குத் தனித் தண்ணீர்த் தாங்கி தேவை.

காணி விடயம் தெரிந்தவர்:
கட்டடம் வந்தால் காணியைக் கவனியுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனாலும் நிலம் அரசுடையது. தோட்டத் துரை (முகாமையாளர்) தந்த "ஆட்சேபனை இல்லை" கடிதத்தை மட்டும் வைத்துக் கட்ட முடியாது. நிலஅளவைப் படம், முறையான காணி விடுவிப்பு, பிரதேச செயலகப் பதிவு மூன்றும் வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதி என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்பார்கள். அதை முதலிலேயே எடுங்கள். பலர் படம் வரைந்து மதிப்பீடும் போட்டபின் இடம் பொருத்தமில்லை என்று கேட்டு நிற்கிறார்கள்.

கொட்டகலைப் பெற்றோர்:
நன்றி. அதுவரை பிள்ளைகளைக் கண்டிக்கு அனுப்பலாமா?

வலய ஆலோசகர்:
அவசரப்படாதீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, கண்டி இல்லை. பிள்ளை எந்த மாவட்டக் கணக்கில் சேரும் என்று அறிய, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில், பரீட்சைக்கு முந்திய மூன்று வருட வதிவிடம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஹட்டனில் 1ஏபி பாடசாலைக்கு சீசன் டிக்கட்டில் போய் வருவது இப்போதைக்குப் பரவாயில்லை.